கண்ணை மூடியபோது வந்த வெளிச்சம்

கண்ணை மூடினால் வெளிச்சம் தெரிகிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவரை முதலில் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மாஷா அல்லாஹ் என்று சொல்லி நெற்றியில் முத்தம் கொடுப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்குத் திருப்திதான். ஆனால் ஒற்றை வரியை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தில், முடிந்தபோது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. பொம்மனஹள்ளியில் இருக்கிறோம். பிறந்தது வாணியம்பாடிப் பக்கம் என்றாலும் கல்யாணமாகி வந்த நாள் முதல் பெங்களூர்தான். வீட்டுக்காரர் சலீம் லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பார்த்தவள். தைத்து முடித்த சட்டைகள் டியூப்லைட்டுக்குக் கீழே என் மேசைக்கு வரும். தையல் விட்டிருக்கிறதா, நூல் இழுத்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, பிழை இருக்கிற இடத்தில் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் சோடாபுட்டிக் கண்ணாடிதான். ஆனாலும் என் மேசையைத் தாண்டிப் பிழை போனது அபூர்வம். லைனில் இருந்த பெண்கள் எனக்குக் கழுகு என்று பேர் வைத்திருந்தார்கள். திட்டித்தான் வைத்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

வியாழக்கிழமைகளில் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் எங்கள் தெருவில் மெஹ்ருன் ஆபாவின் வீட்டில் பெண்கள் கூடுவோம். ஆபா என்றால் அக்கா. ஆனால் மெஹ்ருன் என்னைவிட வயதில் சின்னவர். மதரஸாவில் ஓதி ஆலிமா பட்டம் வாங்கியவர் என்பதால் தெருவுக்கே ஆபா ஆகிவிட்டார். முதலில் கொஞ்ச நேரம் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, செய்வார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்து திக்ரு செய்வோம். அல்லாஹ்வின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் திக்ரு. முப்பது பேர் ஒரே மூச்சில் சொல்லும்போது அந்தச் சின்ன ஹாலின் தரையே அதிர்வதுபோல இருக்கும். வாரம் பூராவும் சட்டைக் காலரைப் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அந்த இருட்டு ஒன்றுதான் ஓய்வு.

அந்த வருடம் ஆபா தொடர்ந்து நூரைப் பற்றியே பேசிவந்தார். நூர் என்றால் ஒளி. வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி அவன்தான் என்பார். மலக்குகளை, அதாவது வானவர்களை, ஒளியால் படைத்தான், நம்மை மண்ணால் படைத்தான், ஆனாலும் ஒளியை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் ஒன்றை மண்ணுக்குள்ளே வைத்தான், அதுதான் கல்பு, அதாவது இதயம் என்பார். ஒவ்வொரு பாவத்துக்கும் அந்தக் கல்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழும், மனம் வருந்தி மீண்டால் அது கழுவப்பட்டுவிடும் என்றும் ஒரு நாள் சொன்னார். எனக்கு இந்தப் பேச்சு மற்ற எதையும்விடச் சட்டென்று புரிந்தது. புள்ளியும் கறையும்தானே என் தொழில்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, திக்ரு நடுவில், மூடிய கண்ணுக்குள் வலது ஓரத்தில் ஒரு கீற்று மின்னியது. வளைந்த கீற்று, பிறை மாதிரி. வந்ததும் போய்விட்டது. தலையைத் திருப்பினேன், மறுபடி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. விளக்கு போட்டதும் ஆபாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கண்ண மூடினா வெளிச்சம் வருது ஆபா. இந்த ஓரத்துல."

ஆபா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"அல்லாஹ் உங்கள ஏத்துக்கிட்டான் ஜமீலாம்மா. இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா போயிரும்."

சொல்லாதே என்றால் சொல்லத்தானே தோன்றும். சொன்னது நானா ஆபாவா என்று இன்றுவரை தெரியாது, அடுத்த வாரமே எனக்குப் பக்கத்தில் உட்காரப் போட்டி வந்துவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக் கொண்டுவந்து தலையைத் தடவச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டி ஓதி ஊதச் சொன்னார்கள். நானும் ஊதினேன். கொஞ்ச நாளில் வெளிச்சத்தோடு கறுப்புப் புள்ளிகளும் கண்முன் மிதக்க ஆரம்பித்தன. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கொசு பறப்பதுபோல இருக்கும். கல்பில் இருக்கிற புள்ளியெல்லாம் கழன்று வெளியே போகின்றன என்று நான் நினைத்தேன். சிரிக்காதீர்கள். இதை நினைத்து நான் அழுது தொழுதிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், "வெளிச்சம் வந்தா சரி, கரண்ட் பில்லு கொறையட்டும்" என்றார். அவருக்கு எல்லாமே கேலி. அன்று நான் அவரோடு பேசவில்லை.

திரை விழுந்தது வேலை நேரத்தில். ஒரு நீலச் சட்டையை மேசையில் விரித்துக் கைப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு நிழல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நிழல் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது ஏறிப் பாதிச் சட்டையை மறைத்துவிட்டது. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தபோது எதிரே நின்ற சூப்பர்வைசருக்குத் தலை இல்லை. அப்போதுகூட எனக்கு மருத்துவமனை நினைவுக்கு வரவில்லை. கிடைத்தது ஊரெல்லாம் தெரிந்துவிட்டதே, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தேன். பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தால் திரை விலகிவிடும் என்று இரண்டு நாள் தொழுகைப் பாயிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

கண் மருத்துவமனையின் காத்திருக்கும் கூடம் ஒரு தனி உலகம். எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். கண் பாப்பாவைப் பெரிதாக்கினால்தான் உள்ளே பார்க்க முடியும் என்பதற்காக அந்தச் சொட்டு. விட்டதும் எரியும், பிறகு எல்லாம் மங்கும். டிஷ்யூ காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. டோக்கன் நம்பரைக் கன்னடத்தில் கூப்பிடுவார்கள், பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். அங்கே எனக்குப் பயமே வரவில்லை. வீட்டுக்காரர்தான் தண்ணீர் குடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கன்னடக்காரர், ஆனால் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். என்னைப் படுக்கவைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடி வில்லையை என் கண்ணுக்கு மேலே பிடித்தார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், வலது, இடது என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். அந்த விளக்கின் வெளிச்சம் இருக்கிறதே, அது மண்டைக்குள் போய்க் குத்தும். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிற்று.

"அம்மா, கண்ணுல மின்னல் மாதிரி வெளிச்சம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எஷ்டு நாளா?"

"நோன்புப் பெருநாளுக்கு முன்னாலேர்ந்து."

"அஷ்டு நாளாவா? யார்கிட்டயும் காட்டலையா?"

யாரிடம் காட்டினேன் என்று எப்படிச் சொல்வது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனின் கேலி அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு விளக்கினார். கண்ணின் பின்சுவரில் விழித்திரை, இங்கிலீஷில் ரெட்டினா, என்று ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயது ஏற ஏறச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அந்தத் திரை ஏற்கெனவே மெலிந்திருக்கும், அதனால் கிழிந்துவிடும். கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோலத் திரை முழுதும் உரிந்து வந்துவிடும்.

"அப்ப அந்த வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"அது இழுக்கறதும்மா. ரெட்டினாவுக்கு வலின்னு சொல்லத் தெரியாது. தொட்டாலும் இழுத்தாலும் கிழிச்சாலும் அது வெளிச்சம்னுதான் சொல்லும். அதுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

ஆரம்பத்தில் வந்திருந்தால் லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி ஒட்டியிருக்கலாம், ஊசி போட்டுக்கொள்வது மாதிரி முடிந்திருக்கும், இப்போது பார்வையின் நடுப்புள்ளியும் உரிந்துவிட்டது, அறுவை செய்தாலும் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். இடது கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருந்தன. அதற்கு அன்றே லேசர் வைத்தார்கள். பச்சை பச்சையாய் மின்னி மின்னி அடித்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் எனக்கு ஆபா வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. அவ்வளவு அவமானமாக இருந்தது. கிழிசலைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், என் கண்ணுக்குள்ளேயே கிழிசலை வைத்துக்கொண்டு அதற்கு நூர் என்று பேர் வைத்திருக்கிறேன்.

அறுவைக்கு மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே ஊசி போட்டு மரக்கடித்துவிட்டார்கள். வலி இல்லை, ஆனால் காது கேட்கும். கத்தரியைக் கொடு என்பதும், அடுத்த கேஸ் ரெடியா என்பதும், யாரோ மதியச் சாப்பாட்டுக்கு முத்தே, அதாவது கேழ்வரகுக் களி உருண்டை, என்று சொன்னதும் கேட்டது. கண்ணுக்குள் ஏதோ நிழல்கள் நீந்தின. பழைய கூழை எடுத்துவிட்டு, திரையை விரித்து ஒட்டி, அது மறுபடி உரியாமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். வாயு மேலேதான் போகும். அதனால் விழித்திரை மேலே இருக்கும்படி நாம் குப்புறக் கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் எல்லாம் வீண் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அப்படித்தான் வார்டில் என் நாட்கள் தரையைப் பார்த்துக் கழிந்தன. தலையணையின் நடுவில் ஓட்டை. அதற்குள் முகத்தை வைத்தால் இடது கண்ணுக்குத் தெரிவது மொசைக் தரை, கட்டில் சக்கரம், போகிற வருகிறவர்களின் கால். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு பெண் என்னைப் போலவே குப்புறக் கிடந்தாள். ஒக்கலிபுரத்துக் கஸ்தூரி. சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அறுவை நடந்தவள். பல நாள் பேசினோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவளுடைய பச்சை வார் செருப்பை மட்டும் எனக்குத் தெரியும்.

"அக்கா, கண்ணு வேணும்னு இவ்ளோ நாளா பூமாதேவிக்கு நமஸ்காரம் பண்றோமே, எந்திரிச்சா முதுகு இருக்குமா?" என்பாள் கஸ்தூரி.

நான் நாளெல்லாம் சஜ்தாவில் கிடப்பதுபோலத்தான் கிடந்தேன். நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவதுதான் சஜ்தா. அடியான் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருக்கும் நிலை என்று கற்றிருக்கிறேன். எனக்கு நெருக்கமெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து வலித்தது, எச்சில் ஒழுகியது, பினாயில் நாறியது. ஆனாலும் தொழுகையை விடவில்லை. விட்டால் பயமாக இருந்தது, அவ்வளவுதான். முகத்தில் தண்ணீர் படக் கூடாது என்பதால் தொழுகைக்கு முன் கை, முகம் கழுவும் ஒளு செய்ய முடியாது. தண்ணீர் ஆகாதவர்கள் மண்ணையோ கல்லையோ கையால் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொள்வது தயம்மும். வீட்டுக்காரர் எங்கேயோ தேடி ஒரு தட்டைக் கல் கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்தார்.

படுக்கையைத் தட்டிப் போட வந்த சிஸ்டர் கல்லை எடுத்துவிட்டார்.

"கண் ஆபரேஷன் வார்டுல கல்லு எதுக்கும்மா?"

"சாமி கும்பிடற கல்லு சிஸ்டர், குடுத்துடுங்க" என்றாள் கஸ்தூரி குப்புறக் கிடந்தபடியே.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நாங்க கல்லக் கும்பிடமாட்டோம். அது கை தொடைக்கறதுக்கு."

"கை தொடைக்கக் கல்லா? இன்னாக்கா இது, துண்டு இல்லையா?"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் கல்லை ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்துத் திரும்பக் கொடுத்தார், கண்ணுக்குக் கிட்டே மட்டும் கை போகக் கூடாது என்றார். இன்றுவரை அவ்வளவு சுத்தமான கல்லில் யாரும் தயம்மும் செய்திருக்க மாட்டார்கள். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். கண் இரண்டையும் இழந்து பொறுமையாக இருப்பவருக்குச் சொர்க்கம் நிச்சயம் என்று வரும் செய்தியைத்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்குச் சொர்க்கம் வாங்கித் தர இத்தனை பேர் வந்தார்களே ஒழிய, என் மேசையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது கண். நீலச் சட்டையில் நீல நூல் விட்டிருப்பதைப் பார்க்கிற கண்.

மெஹ்ருன் ஆபா கடைசியாகத்தான் வந்தார். முதலில் தெரிந்தது அவர் கறுப்புப் புர்காவின் ஓரம். சலாம் சொன்னார், நானும் பதில் சொன்னேன்.

"அது நூர் இல்ல ஆபா. கிழிசல்."

"தெரியும். சலீம் பாய் சொன்னாரு."

"பிள்ளைங்களுக்குத் தண்ணி ஊதிக் குடுத்தேன். கிழிஞ்ச கண்ண வெச்சுக்கிட்டு ஊதிக் குடுத்தேன். அல்லாஹ்வுக்கு என்னைப் பார்த்தா வெளையாட்டா இருக்கா?"

வார்டில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். எனக்கு அப்போது கவலை இல்லை. ஆபா கட்டிலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்காக அப்படி உட்கார்ந்தார் என்று பிறகுதான் புரிந்தது. தலையணை ஓட்டைக்கு நேராக அவர் முகம் வந்தது. ஒரு கண்ணால் பார்த்தேன். அழுது வீங்கிய முகம்.

"வெளக்கு எரியுதான்னு யாராச்சும் வெளக்கையே பாத்துட்டு இருப்பாங்களா? அந்த வெளிச்சத்துல வீட்டப் பாப்போம், சோத்தப் பாப்போம், எதிர்ல இருக்கற மனுஷரப் பாப்போம். நூருன்னா அதுதான். கண்ணுக்குத் தெரியற மின்னல் இல்ல. இது எனக்குத் தெரியும் ஜமீலாம்மா. கிதாபுல ஓதினவதான் நான்."

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவர் மொசைக் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பதினாறு வயசுலேர்ந்து ஒக்கார்றேன் திக்ருல. எனக்கு ஒண்ணுமே வந்ததில்ல. கண்ண மூடினா இருட்டுதான். எனக்கு ஒண்ணுமில்லாதப்ப ஊருக்கெல்லாம் நூரப் பத்தி பயான் பண்றேனேன்னு பயமா இருக்கும். நீங்க வந்து சொன்னதும், என் வீட்டுல ஒருத்தருக்காச்சும் வந்துச்சேன்னு ஆசப்பட்டுட்டேன். அந்த ஆசையில கேக்க வேண்டியதக் கேக்காம விட்டுட்டேன்."

அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. அன்று சொல்லவில்லை. போகும்போது அவர் என் கையைத் தொட்டார், நான் கையை இழுக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் போனதும் கஸ்தூரி, "பாவம்க்கா அந்தம்மா" என்றாள். "நான் பாவம் இல்லையா?" என்று கேட்டேன். "நீயும் பாவம்தான். ரெண்டு பாவமும் ஒரே நேரத்துல வந்தா யாருக்குன்னு அழறது" என்றாள்.

வீடு திரும்பினேன். வாயு கரையக் கரையக் கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் தெரிந்தது, அதற்கு மேலே மங்கலாகக் கதவு தெரிந்தது, கதவில் நிற்கிற வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அந்த வாரம் வீட்டில் பிரியாணி செய்தோம். எங்கள் சந்தோஷம் அந்தப் பிரியாணியோடு முடிந்தது. ஆறுகிற புண் தழும்பு கட்டுமில்லையா, அப்படிக் கண்ணுக்குள்ளேயும் தழும்பு கட்டி, ஒட்டிய திரையை மறுபடி இழுத்துவிட்டது. இரண்டாவது அறுவையில் வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் வைத்தார்கள். எண்ணெயால் கண்ணில் அழுத்தம் ஏறியது. இரவும் பகலும் தலைக்குள் ஆணி அடிப்பதுபோல வலி. அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காப்பீட்டிலேயே எல்லாம் நடந்ததால் வீட்டை விற்கவில்லை, அந்த ஒரு நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் ஆட்டோ பல நாள் ஓடவில்லை. என்னை அழைத்துப்போவதும் கூட்டிவருவதும்தான் அவருக்கு வேலை.

கடைசிப் பரிசோதனைக்கு நாங்கள் போனது ஒரு மழை நாளில். எழுத்துப் பலகையெல்லாம் என் வலது கண்ணைப் பொறுத்தவரை எப்போதோ முடிந்துபோன கதை. விரல் எண்ணுவது, கை அசைவது, அதுவும் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான், வெளிச்சமாவது தெரிகிறதா என்பது. அது தெரிந்தால் இன்னும் ஏதாவது செய்து பார்க்க இடமிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறையை இருட்டாக்கினார்கள். இடது கண்ணை என் உள்ளங்கையால் நானே இறுகப் பொத்திக்கொண்டேன்.

"அம்மா, டார்ச் அடிப்பேன். எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொல்லுங்க. வலதா, இடதா, மேலயா, கீழயா. அவசரம் இல்ல."

எங்களிடம் ஒரு துஆ, பிரார்த்தனை, உண்டு. விடிகாலைத் தொழுகைக்குக் கிளம்பும் வழியில் கேட்பது. இதயத்தில் ஒளி கேட்டு, பார்வையில் ஒளி கேட்டு, காதில் கேட்டு, பிறகு வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே என்று ஒவ்வொரு திசையாக ஒளி கேட்டுக்கொண்டே போகும். யாரும் கற்றுத்தராத பிள்ளைபோல அந்த இருட்டில் அதை மனசுக்குள் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வந்தது. வலப்பக்க ஓரத்தில் வந்தது, வளைவாக, பளிச்சென்று.

"தெரியுது டாக்டர். வலது பக்கம். நல்லாவே தெரியுது."

மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் இன்னும் டார்ச் போடலை."

பிறகு போட்டார். போட்டேன் என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். நான்கு பக்கத்திலிருந்தும் போட்டார். நான்குக்கும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் டார்ச்சின் சூடுமட்டும் தெரிந்தது.

வெளியே வந்தேன். வீட்டுக்காரர் குடையோடு எழுந்து நின்றார்.

"என்னாச்சு? வெளிச்சம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கேலி ஒன்றும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. என் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்கு நாலு அடி முன்னால் போகிறவர். சேர்ந்து நடந்து பழக்கமில்லை, திரும்பிப் பார்க்கிற பழக்கமும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் பெங்களூர் முழுவதும் நடந்திருக்கிறேன். அன்று படியிறங்கும்போது முன்னால் பார்த்தேன், முதுகைக் காணவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டாரோ என்று கூப்பிட்டேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன். நட."

குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. என் செத்த கண்ணின் பக்கம். ரோட்டில் ஸ்கூட்டர்கள் அந்தப் பக்கமாகத்தான் உரசிக்கொண்டு போயின. ஆட்டோ நிறுத்தியிருந்த இடம்வரைக்கும் நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோள் மட்டும் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.